டிசம்பரில் வாங்கும் முயலை மே மாதத்தில் யார் பார்ப்பது?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்டதும் பல வீடுகளில் எழும் கோரிக்கை, "ஒரு முயல் வாங்கித் தாங்களேன்." கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று பரிசு கொடுக்கக் காரணங்களும் வரிசையாக வருகின்றன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ கொளத்தூர் பக்கத்துக் கடைகளுக்கோ போனால் உள்ளங்கையில் அடங்கும் முயல் குட்டிகள் கூண்டு நிறைய இருக்கும். ஒரு ஜோடி சில நூறு ரூபாய்தான். நாயைப் போலக் குரைக்காது, வாக்கிங் கூட்டிப்போக வேண்டாம், கேரட் கொடுத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். பெற்றோருக்கோ மாமாவுக்கோ அது நியாயமாகவே தோன்றும்.

அந்த வார்த்தைகளில் பாதி தவறு. மீதிப் பாதி, குட்டி குட்டியாக இருக்கும் சில வாரங்களுக்கு மட்டும் சரி. முயல் மோசமான செல்லப்பிராணி என்று சொல்ல வரவில்லை. ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து, காலைச் சுற்றிச் சுற்றி ஓடும் அருமையான விலங்கு அது. ஆனால் அது சட்டென்று கொடுக்கும் பரிசுக்கு ஏற்ற விலங்கு இல்லை. சென்னையில், அதுவும் டிசம்பரில், இந்த முடிவு தவறாகப் போக அதிக வாய்ப்பு இருக்கிறது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

கடையில் இருப்பது எந்த முயல்?

நம் ஊர்ப் புதர்களிலும் வயல் ஓரங்களிலும் ஓடும் காட்டு முயல் வேறு, கடையில் விற்கும் வளர்ப்பு முயல் வேறு. காட்டு முயலின் குட்டி பிறக்கும்போதே உடலில் ரோமம் இருக்கும், கண் திறந்திருக்கும். அது வளை தோண்டாமல் தரைமேலேயே வாழும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைப் பிடிப்பதோ வளர்ப்பதோ குற்றம்.

வளர்ப்பு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியைச் சேர்ந்த ஐரோப்பிய முயல். மண்ணுக்குள் வளை தோண்டி, பகல் வெயிலில் உள்ளே பதுங்கி, விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து மேயும் விலங்கு. குட்டிகள் ரோமமில்லாமல், கண் மூடியபடி பிறக்கும். இரண்டும் தனித்தனிப் பேரினங்கள், தமக்குள் இனம் சேரா. கூண்டில் வளரும் முயலுக்கு இன்றும் அந்த வளை வாழ்க்கையின் உடம்புதான் இருக்கிறது. வெயிலில் அது தவிப்பதற்கும், தரையைப் பிறாண்டுவதற்கும், தூக்கினால் உதறுவதற்கும் காரணம் அதுதான்.

அடுத்தது அளவு. சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை, சாம்பல் குட்டிகளில் பல, இறைச்சிக்காக வளர்க்கும் இனங்களின் வழியில் வந்தவை அல்லது அவற்றின் கலப்பு. வெள்ளை ஜயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களில் வளர்ந்த முயல் 4 கிலோ வரை, சில சமயம் அதற்கு மேலும் போகும். "இது இவ்வளவுதான் வளரும்" என்று கடையில் சொன்னாலும், 5 வார வயதில் எந்த முயலும் சின்னதாகத்தான் இருக்கும்.

ஆயுளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் வளர்ப்பு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்று வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடித்துக் கல்லூரி விடுதிக்குப் போகும்போதும் முயல் வீட்டில் இருக்கும்.

வயிறு நிற்காமல் ஓட வேண்டிய விலங்கு

முயல் வளர்ப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை சாப்பாட்டில்தான். அதன் செரிமானம் நாய், பூனை, மனிதர் யாருடையதைப் போலவும் இல்லை.

1. பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். முயலுக்கு 28 பற்கள். முன்பற்கள் மட்டுமல்ல, கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை நீளும். நார் நிறைந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும். மென்மையான உணவே கொடுத்தால் கடைவாய்ப் பல் கோணலாக வளர்ந்து நாக்கையோ கன்னத்தையோ குத்தும். பசி இருந்தும் முயலால் சாப்பிட முடியாது.

2. குடல் நின்றால் உயிருக்கு ஆபத்து. முயலின் குடலில், சீக்கம் என்று மருத்துவர்கள் சொல்லும் பெரிய பை ஒன்று இருக்கிறது. புல்லின் நாரை அங்கே நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கின்றன. நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் அசையும். பயம், வலி, வெயில், தவறான உணவு என எந்தக் காரணத்தால் முயல் சாப்பிடுவதை நிறுத்தினாலும் குடல் மந்தமாகி, வாயு சேர்ந்து, வலி கூடி, இன்னும் சாப்பிட முடியாமல் போகிறது. 12 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசர நிலை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போட முடியாது.

3. தன் புழுக்கையைத் தானே தின்னும். இதைப் பார்த்துப் பயந்து தடுப்பவர்கள் உண்டு. முயல் இரண்டு வகையாகக் கழிக்கிறது. உருண்டையான உலர்ந்த புழுக்கை கழிவு. மென்மையாகக் கொத்தாக வருவது நுண்ணுயிர் தயாரித்த புரதமும் வைட்டமினும் நிறைந்தது. அதை நேராக வாய் வைத்து எடுத்து விழுங்கும். அப்படி விழுங்குவதுதான் ஆரோக்கியம்.

4. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன தப்பான பொருளை வெளியே தள்ள அதற்கு வழியில்லை.

ஆகவே, சாப்பாட்டில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் புல்லும் காய்ந்த புல்லுமாக இருக்க வேண்டும். கொத்தமல்லி, புதினா போன்ற இலைகள் ஒரு கைப்பிடி. அழுத்திச் செய்த பெல்லட் தீவனம், முயலின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் அளவில். கேரட் எப்போதாவது ஒரு சிறு துண்டு. அதில் சர்க்கரை அதிகம். பிஸ்கட், ரொட்டி, சோறு, பொரி, வெங்காயம், உருளைக்கிழங்கு, சாக்லேட் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் பாசத்தில் நீட்டும் பிஸ்கட்டையும் தடுத்தே ஆக வேண்டும்.

டிசம்பர் முதல் ஜூன் வரை நடப்பது

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். முயலின் வளர்ச்சியையும் சென்னையின் பருவத்தையும் பள்ளிக்கூடத்தின் ஆண்டையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். மூன்றும் ஒரே இடத்தில் மோதுகின்றன.

டிசம்பர், ஜனவரி. ஆண்டிலேயே சென்னை முயலுக்கு ஏற்றதாக இருக்கும் மாதங்கள் இவைதான். இரவில் 21, 22 டிகிரி வரை இறங்கும். குட்டி சுறுசுறுப்பாக இருக்கும், எடுத்துக் கொஞ்சினாலும் அதிகம் எதிர்க்காது. பிள்ளைகளுக்கு விடுமுறை, நாள் முழுக்க நேரம். எல்லாம் சுலபமாகத் தெரியும். முடிவு எடுப்பது இந்த மாதத்தில் என்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

பிப்ரவரி, மார்ச். பள்ளி, டியூஷன், ஆண்டுத் தேர்வு. புல் மாற்றுவது, கூண்டைக் கழுவுவது, தண்ணீர் வைப்பது எல்லாம் அம்மா தலையில் விழும். அல்லது பாட்டி தலையில்.

ஏப்ரல். முயலுக்கு இப்போது நான்கைந்து மாதம். இனப்பெருக்க வயது. குட்டியாக இருந்தபோது இல்லாத குணங்கள் வரும். ஆண் முயல் சோபா மீதும் ஆட்கள் மீதும் சிறுநீர் பீய்ச்சும். பெண் முயல் கூண்டுக்குள் கை விட்டால் உறுமிக் கடிக்க வரும். மெத்தையைப் பிறாண்டும், செல்போன் சார்ஜர் வயரைக் கடித்துத் துண்டாக்கும். "முன்னாடி எவ்வளவு சாதுவாக இருந்தது, இப்ப என்ன ஆச்சு?" என்ற கேள்வி இந்த மாதத்தில்தான் வரும். எதுவும் ஆகவில்லை, அது வளர்ந்திருக்கிறது. கருத்தடை அறுவை செய்தால் இந்தக் குணங்கள் பெரும்பாலும் தணியும். ஆனால் முயலுக்கு அப்படி ஒரு சிகிச்சை இருப்பதையே வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

மே. கத்திரி. ஊருக்குப் போகும் மாதமும் இதுதான்.

மேற்கு நாடுகளில் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி இதே கதை நடக்கிறது. அங்கே ஈஸ்டருக்கு முயல் ஓர் அடையாளம் என்பதால் பிள்ளைகளுக்குக் குட்டி முயல் வாங்கித் தருவார்கள். சில மாதம் கழித்து அவை காப்பகங்களுக்கு வந்து சேரும். அமெரிக்காவில் 1988-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஹவுஸ் ராபிட் சொசைட்டி என்ற அமைப்பு இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. உயிருள்ள முயலுக்குப் பதிலாகச் சாக்லேட் முயல் கொடுங்கள் என்று பெற்றோரைக் கேட்கும் இயக்கமும் அங்கே 2002 முதல் நடக்கிறது. பண்டிகை வேறு, நாடு வேறு. குட்டி வளர்ந்ததும் ஆசை குறைவது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சென்னை வெயிலும் முயலின் உடம்பும்

முயலுக்கு வசதியான வெப்பநிலை சுமார் 15 முதல் 21 டிகிரி. 28, 30 டிகிரியைத் தாண்டினாலே அது தடுமாறத் தொடங்கும். நம்மைப் போல வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ள அதனால் முடியாது. நாயைப் போல வாய் திறந்து இரைத்துத் தப்பிக்கவும் முடியாது. காதில் ஓடும் ரத்தத்தின் வழியாகத்தான் வெப்பத்தை வெளியே விடுகிறது. சுற்றியிருக்கும் காற்றே உடம்பளவு சூடாக இருந்தால் அந்த வழியும் அடைபடும்.

சென்னையில் மே மாதத்தில் 40 டிகிரி என்பது செய்தியே இல்லை. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. கடல் ஈரமும் சேர்ந்த புழுக்கத்தில் மின்விசிறி பெரிதாக உதவாது. அது சூடான காற்றையே சுற்றிவிடும். முயலுக்கு ஆறுவதற்கு வியர்வையும் இல்லை. மேற்குப் பார்த்த பால்கனி, தகர ஷீட் போட்ட மொட்டை மாடி இரண்டும் மே மாதப் பிற்பகலில் முயலைக் கொல்லக்கூடிய இடங்கள். மிகைப்படுத்தவில்லை. நிழலில் வைத்த கூண்டுதான் என்றாலும் சுவர் இழுத்துவைத்த சூடு இரவு வரை போகாது.

நம் மாநிலத்தில் முயல் ஆராய்ச்சி எங்கே நடக்கிறது என்று பாருங்கள். மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிறது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் நீலகிரியில். இரண்டுமே குளிர்ந்த மலை. சமவெளியிலும் பண்ணைகள் உண்டு. ஆனால் அங்கே உயரமான ஓலைக்கூரை, நாலு பக்கமும் காற்றோட்டம், கூரை மேல் தண்ணீர் தெளிப்பு என்று வெயிலுக்காகவே கொட்டகை கட்டுகிறார்கள். இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் அது எதுவும் இல்லை.

சென்னையில் முயல் வளர்ப்பவர்கள் கோடையில் செய்ய வேண்டியவை:

1. காலை பத்து மணி முதல் மாலை வரை முயல் வீட்டுக்குள், இருப்பதிலேயே குளிர்ந்த அறையில். மிகச் சூடான நாட்களில் ஏசி ஆடம்பரம் இல்லை, தேவை.
2. படுத்துக்கொள்ள ஒரு கடப்பாக் கல் பலகை. தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் முயல் தானே வந்து சாய்ந்துகொள்ளும்.
3. கனமான கிண்ணத்தில் தண்ணீர், ஒன்றுக்கு இரண்டு இடத்தில். கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 150 மில்லி குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும்.
4. மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வைப்பது.

காது சிவந்து கொதிப்பது, மூக்கு வாய் ஈரமாவது, வேகமாக மூச்சு வாங்குவது, கால் நீட்டிச் சோர்ந்து கிடப்பது எல்லாம் வெப்பத் தாக்கின் அறிகுறிகள். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரால் காதை நனைத்து, மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. அந்த அதிர்ச்சியே ஆபத்து.

"ஜோடியா வாங்கிக்குங்க"

முயல் கூட்டமாக வாழும் விலங்கு, தனியாக விட்டால் ஏங்கும் என்பது உண்மை. அதனால் ஜோடி நல்லது. ஆனால் கடையில் ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தாலும், இரண்டும் பெண்தான் என்று நம்பிக் கொடுத்தாலும், கணக்கு ஒரே இடத்துக்கு வரக்கூடும். குட்டி வயதில் ஆண் பெண் பிரித்தறிவது பழகியவர்களுக்கே தவறும்.

பெண் முயலுக்குக் குறிப்பிட்ட பருவம் வந்துதான் கருமுட்டை வெளியாகும் என்பதில்லை. இணை சேர்ந்தாலே வெளியாகும். கர்ப்பகாலம் 30 முதல் 32 நாள். ஈற்றுக்கு 4 முதல் 8 குட்டி சாதாரணம். குட்டி போட்ட அன்றே மறுபடி கருத்தரிக்கும். டிசம்பரில் வாங்கிய ஜோடி ஏப்ரல் நடுவில் சேர்ந்தால், மே நடுவில் ஆறு குட்டி. ஆணைப் பிரிக்காவிட்டால் ஜூன் நடுவில் மேலும் ஆறு. பள்ளி திறந்த மாதத்திலேயே வீட்டில் 14 முயல். கோடை வெப்பம் ஆணின் இனப்பெருக்கத் திறனைக் கொஞ்சம் குறைக்கலாம். அதை நம்பி இருப்பது திட்டம் ஆகாது.

அந்தக் குட்டிகள் எங்கே போகும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு, அப்புறம் சந்தைக்கு. பால்குடி மறக்காத வயதிலேயே பிரித்தால் வயிற்றுப்போக்கில் பல செத்துப்போகும். எட்டு வாரமாவது தாயுடன் இருக்க வேண்டும். கடையில் "ரொம்பக் குட்டியா இருக்கே" என்று நீங்கள் ரசிக்கும் முயல் பெரும்பாலும் அந்த வயதை எட்டாதது. வாங்கி ஒரு வாரத்தில் இறந்துபோகும் குட்டிகளின் கதை பல வீடுகளில் உண்டு. பிள்ளை தன் மேல் பழி போட்டுக்கொண்டு அழும். தப்பு பிள்ளையுடையது இல்லை.

கருத்தடைதான் வழி. பெண் முயலுக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏறும்போது கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது. அறுவை செய்தால் அந்த ஆபத்து இல்லை.

பிள்ளைகளுக்கு ஏற்ற விலங்கா?

முயல் இரை விலங்கு. கழுகும் நரியும் துரத்திய வரலாறு அதன் ரத்தத்தில் இருக்கிறது. தரையிலிருந்து தூக்கினால், ஏதோ ஒன்று தன்னைப் பிடித்துவிட்டது என்றே அதன் உடம்பு புரிந்துகொள்ளும். சிறு பிள்ளைக்குத் தூக்கத்தான் ஆசை. இருவருக்கும் இடையே இங்கேதான் பொருத்தமில்லை.

அதன் எலும்பு மிக லேசானது. பூனையின் உடல் எடையில் எலும்புக்கூடு சுமார் 13 விழுக்காடு, முயலில் 8 விழுக்காடுதான். பின்னங்கால் தசையோ மிகப் பலமானது. பயந்து ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். கையிலிருந்து நழுவி விழுந்தாலும் அதே ஆபத்து. காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை, அதை எந்தச் சூழலிலும் செய்யக் கூடாது.

வலியை அது காட்டாது. காட்டில் வலியைக் காட்டிய முயல் பிழைக்காது. ஒரு மூலையில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கும், அவ்வளவுதான். அதைக் கவனிக்க ஒரு பெரியவர் தேவை. பிள்ளைகள் முயலோடு வளர்வது நல்லதுதான். தரையில் உட்கார்ந்து, முயல் தானாக வரும் வரை காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தால் அழகான நட்பு வரும். ஆனால் "இது உன் முயல், உன் பொறுப்பு" என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைப்பது பிள்ளைக்கும் நியாயமில்லை. முயல் எப்போதும் பெரியவரின் முயல்தான்.

ஆஸ்துமா உள்ள வீட்டில் முயலின் ரோமத்தைவிடக் காய்ந்த புல்லின் தூசு சிக்கலாகலாம். படர்தாமரை, சொறிப்பூச்சி போன்ற தோல் நோய்கள் முயலிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டக்கூடும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு, பயப்பட வேண்டியதில்லை. தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவே.

இடம், புல், மருத்துவர்

கடையில் முயலோடு சேர்த்துக் கொடுக்கும் கம்பிக் கூண்டு அதைத் தூக்கிக்கொண்டு வரத்தான் உதவும், வாழ அல்ல. ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் வேண்டும் என்று பிரிட்டனின் முயல் நல அமைப்பு பரிந்துரைக்கிறது. சென்னை வீடுகளில் அது ஒரு சிறிய அறை. அவ்வளவு தர முடியாவிட்டாலும், தினமும் பல மணி நேரம் ஓடித் திரிய ஒரு பாதுகாப்பான அறையாவது வேண்டும். வயர்களை மூடி, பால்கனிக் கம்பிகளில் வலை கட்டி. கம்பித் தரையில் நாள் முழுக்க நின்றால் பாதம் புண்ணாகும், ஏனென்றால் முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பதுபோல் மெத்தை கிடையாது. மொட்டை மாடியில் விட்டால் பூனை வரும், காகம் கொத்தும்.

புல்லுக்கு என்ன செய்வது? இறக்குமதியாகும் டிமோதி புல் ஆன்லைனில் கிடைக்கிறது, ஆனால் மாதாமாதம் செலவு. முயலின் விலையைவிட ஒரே மாதப் புல்லின் விலை அதிகமாக இருக்கும். அருகம்புல் நல்லது. பிள்ளையார் கோயில் வாசலிலும் பூக்கடைகளிலும் கிடைக்கும், நன்றாகக் கழுவி ஈரம் போக உலர்த்திக் கொடுக்கலாம். புறநகரில் மாடு வளர்ப்பவர்களிடம் கோ-4 போன்ற தீவனப் புல் கேட்டால் கிடைக்கும். குதிரைமசால் என்ற தீவனப் பயிர் வளரும் குட்டிக்குச் சரி, வளர்ந்த முயலுக்குக் கால்சியம் அதிகம். வைக்கோலில் சத்து குறைவு, அதையே உணவாக நம்ப முடியாது. சாலையோரம் பிடுங்கிய புல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மருத்துவர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நகரில் தனியார் மருத்துவமனைகள் பல. ஆனால் நாய், பூனைக்கு நல்ல மருத்துவராக இருப்பவருக்கு முயல் பழக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாய்க்குப் பாதுகாப்பான சில மருந்துகள் முயலுக்கு விஷம். பென்சிலின், அமாக்ஸிசிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் குடல் நுண்ணுயிர்கள் சீர்குலைந்து முயல் இறக்கலாம். உண்ணிக்கு நாயின் மேல் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகாது. முயலை வாங்கும் முன்பே ஒரு மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. முயல்களைத் தொடர்ந்து பார்க்கிறீர்களா, கருத்தடை அறுவை செய்கிறீர்களா?
2. அறுவைக்கு முந்தைய இரவு பட்டினி போட வேண்டுமா? "ஆமாம்" என்றால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். வாந்தி எடுக்காத விலங்குக்குப் பட்டினி தேவையில்லை, அதுவே குடலை நிறுத்திவிடும்.
3. இரவிலோ ஞாயிற்றுக்கிழமையோ அவசரம் என்றால் யாரை அழைப்பது?

வேண்டாம் என்றானதும்

பூங்காவிலோ ஏரிக்கரையிலோ விட்டால் புல் தின்று பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பிழைக்காது. வெள்ளை ரோமம் தூரத்திலிருந்தே தெரியும். ஒளிய வளை இல்லை. தெருநாய்களுக்கு ஒரு இரவு போதும். விட்டவர் திரும்பிப் பார்க்காததால்தான் அந்த நம்பிக்கை உயிரோடு இருக்கிறது.

சட்டப்படியும் அது குற்றம். பட்டினியாலோ தாகத்தாலோ துன்பப்படும்படி விலங்கைக் கைவிடுவதை 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு தடுக்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய தொகை அப்படியே நிற்கிறது, யாருக்கும் அது பயம் தராது. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018-ல் விதிகள் வந்தன. தெருவோரக் கூண்டில் வாங்கும்போது அந்தப் பதிவை யாரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் விற்பவரிடமும் மாற்றம் வரும்.

இருந்தும் முயல் வேண்டும் என்றால்

முதலில் கோடை கழியட்டும். ஆடி, ஆவணிக்கு அப்புறம் முடிவெடுக்கலாம். ஒரு மே மாதம் முழுக்க உங்கள் வீட்டின் எந்த அறை பிற்பகல் மூன்று மணிக்கு எவ்வளவு சூடாகிறது என்று ஒரு சாதாரண வெப்பமானி வைத்துப் பாருங்கள். வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள். பொங்கலுக்கும் கோடைக்கும் ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பார்கள் என்று பெயர் சொல்லிப் பதில் இருக்க வேண்டும். ஏற்கெனவே முயல் வளர்ப்பவர் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சில மணி நேரம் உட்காரவிடுங்கள், கூண்டு கழுவவும் விடுங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் குட்டியை வாங்குவதைவிட, யாரோ வைத்துக்கொள்ள முடியாமல் வீடு தேடும் வளர்ந்த முயலைத் தத்தெடுங்கள். குணம், அளவு, ஆணா பெண்ணா எல்லாம் தெரிந்திருக்கும்.

மற்றவர் வீட்டுப் பிள்ளைக்கு முயலைப் பரிசாகக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், அந்த வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே கேளுங்கள். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று கேட்காமல் கொண்டுபோவது, பத்து வருட வேலையை அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வருவது.

பரிசாக ஏற்கெனவே வந்துவிட்டதா?

இந்தப் பண்டிகைக்கே முயல் வந்து சேர்ந்திருக்கலாம். அப்படியென்றால் முதல் வாரத்தில் இவற்றைச் செய்யுங்கள்:

1. அமைதியான அறை, ஒளிந்துகொள்ள ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று. தூக்க வேண்டாம். புத்தாண்டு இரவில் பட்டாசுச் சத்தம் கேட்காதபடி உள்ளறையில் வையுங்கள்.
2. கடையில் என்ன தின்றதோ அதையே கொடுத்து, புல்லை அதிகமாக்கிக்கொண்டே வாருங்கள். உணவைச் சட்டென்று மாற்றினால் வயிறு கெடும்.
3. வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டி ஆண், பெண்ணை உறுதி செய்யுங்கள். ஜோடியில் இரண்டும் வேறு என்றால் மூன்றரை மாத வயதுக்கு முன்பே தனித்தனி இடம்.
4. கருத்தடைக்கு எந்த வயதில் கொண்டுவர வேண்டும் என்று அப்போதே கேட்டுத் தேதி குறியுங்கள்.
5. தினமும் காலையில் புழுக்கையின் அளவையும் எண்ணிக்கையையும் பாருங்கள். சிறுத்தால், குறைந்தால், அன்றே மருத்துவரை அழையுங்கள்.

வைத்துக்கொள்ள முடியாது என்று இப்போதே தெரிந்தால் ஏப்ரல் வரை தள்ளிப்போடாதீர்கள். வெயில் தொடங்கும் முன், குட்டி ஈனும் முன், அனுபவமுள்ள ஒரு வீட்டைத் தேடி, புல்லோடும் மருத்துவச் சீட்டோடும் ஒப்படையுங்கள். அதே குட்டிக்கு ஜனவரியில் வீடு கிடைப்பது மே மாதத்தைவிடப் பல மடங்கு எளிது.